தின்னாத பூண்டின் வாசம்

என் தலையைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பழனிக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்பதுதான். ஆமாம் என்றால் பஞ்சாமிர்தம் எங்கே என்கிறார்கள். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும், குரல் தாழ்ந்துவிடும். "ஏனுங்க, எதாச்சும் பெரிய சீக்குங்களா?" அன்னூரில் கிரைண்டர் கடை வைத்திருப்பவன் எத்தனை பேருக்குத்தான் முதலிலிருந்து சொல்வது? அதனால் எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சீக்கு இல்லை. குடும்பத்தார் என் மேல் வைத்த பாசம் டோஸ் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

எல்லாம் வள்ளி கும்மியில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் கோவில் மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். ஆசிரியர் வள்ளி கதையைப் பாட, பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை வட்டமாக நின்று கைதட்டி ஆடப் பழகுவார்கள். மாதக்கணக்கில் பழகிய பிறகு, ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு ஊரார் முன்னால் அரங்கேற்றம். என் மனைவி சாந்தாமணி முதல் நாளே பேர் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சாயங்கால டிபன் நின்றுபோனது.

"ஏனம்மணி, டிபனு?"

"அடுப்பு அங்கியேதான் இருக்குதுங்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

நாலு நாள் தனியாகப் பொரி தின்றேன். ஐந்தாம் நாள் நானும் போய் வட்டத்தில் நின்றுவிட்டேன். கலை ஆர்வம் எல்லாம் இல்லை, பேச்சுத்துணைக்குத்தான். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சாந்தாமணி ஒன்று சொன்னாள்.

"கண்ணாலம் ஆனதுல இருந்து நாம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னது போட்டோவுல மட்டுந்தானுங்க. புருசன் பொண்டாட்டியா வர்றவங்களை முன் வரிசையில சோடியா நிறுத்தறாங்களாம். நின்னா நல்லாத்தான் இருக்கும்."

அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டது. அரங்கேற்றத்தில் அவள் பக்கத்தில் நின்றே தீருவது என்று அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

இடையில் நின்றது தொப்பை. பழகும்போது என் மச்சான் போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டான். மச்சான் என்றால் சாந்தாமணியின் அண்ணன் பொன்னுச்சாமி, ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன். படத்தைப் பார்த்தேன். நான் குதித்து இறங்கின பிற்பாடு தொப்பை தனியாக ஒருதரம் இறங்கியது. தாளம் தப்பாமல் ஆடியது அது ஒன்றுதான்.

தொப்பையைக் கரைக்க நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். அதாவது, போனில் யாரோ ஒருத்தர் சொன்னார், நான் நம்பினேன். முட்டை, கறி, மீன், பருப்பு, கோதுமை, தயிர் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. காலையில் வெண்பூசணிச் சாறு, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி பப்பாளி.

சாந்தாமணி தட்டை எட்டிப் பார்த்தாள். "இதெ நம்ம எருமைக்கு வெச்சாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குமுங்க."

சில மாதத்தில் தொப்பை பாதி போனது. கூடவே நானும் பாதி போய்விட்டேன். இரண்டு சுற்று ஆடினால் மூச்சு வாங்கியது, கடையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். எங்கள் ஊர் டாக்டரிடம் போனால் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆய்வகத்துக்காரர்கள் எல்லாச் சத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்றார்கள். பார்த்ததில் தைராய்டு கொஞ்சம் மந்தம், செலினியம் குறைவு.

செலினியம் என்ற பேரை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். ஏதோ ரஷ்யாக்காரன் பேர் மாதிரி இருந்தது.

டாக்டர் விளக்கினார். அது மண்ணில் இருக்கிற ஒரு தாது. மண்ணிலிருந்து பயிருக்கு வரும், பயிரிலிருந்து கோழிக்கும் மாட்டுக்கும் நமக்கும் வரும். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி ஒழுங்காக ஓட அது வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினால் அதில் நாற்பது, ஐம்பது துண்டு. கண்ணுக்கே தெரியாது.

"நீங்க சாப்பிடறதை நிறுத்துனீங்க, அது நின்னுபோச்சு. தினம் ஒரு முட்டை. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் மீனு. பருப்பு, கோதுமை, காளான், தயிர், எப்பவாச்சும் கோழி. பழையபடி சாப்பிடுங்க, தன்னால சரியாகிப்போகும். மருந்தெல்லாம் வேண்டாம்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை. டாக்டர் என்றால் நாலு மாத்திரையாவது எழுத வேண்டாமா? மச்சானுக்குக் கோபமே வந்துவிட்டது. "முட்டை திங்கச் சொல்றதுக்கு எதுக்குங்க மாப்ள டாக்டரு? அதெ நான் சொல்ல மாட்டனா?" பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் பிரியா, போனில் தேடிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ அனுப்பினாள்.

அப்போதுதான் நான் குடும்ப குரூப்பில் அந்த அறிவிப்பைப் போட்டேன்: "மாத்திரை, டானிக், பொடி என்று யாராவது கொண்டு வந்தால் பேரைப் போட்டு மானத்தை வாங்குவேன்." எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. சாந்தாமணி முன்னொரு தரம் வாங்கிய முட்டிவலித் தைலத்துக்கு நான் வைத்த பேரை இன்னும் ஒரம்பரை சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். இங்கே எழுத முடியாது. அன்று எல்லோரும் சிரிக்கிற பொம்மையைத் தட்டிவிட்டார்கள். நானும் நம்பினேன்.

பழையபடி சாப்பிட ஆரம்பித்தேன். காலையில் வீட்டில் கம்மங்கூழ். பிறகு நடந்து மச்சானின் பண்ணைக்குப் போய் முட்டை வாங்குவேன். நடந்து வந்த களைப்புக்கு அவன் ஒரு சொம்பு மோர் தருவான். கடைக்கு வந்தால் பிரியா அனுப்பிய பொட்டலம் இருக்கும். பிரேசில் கொட்டை என்று ஒன்று, நம் கட்டைவிரல் பெருசு.

"அப்பா, இது மாத்திரை இல்ல, வெறும் கொட்டை. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, வீண் செலவுன்னு பேசுவாங்க."

ஒன்றே ஒன்று. கொட்டையை ஒன்றே ஒன்று தின்று நிறுத்தினவனை எங்கள் ஊரில் யாராவது பார்த்ததுண்டா? வாடிக்கையாளர் ஒருத்தர் உட்கார்ந்து கிரைண்டர் பெல்ட் அறுந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் என் கை தானாக ஐந்தாறு தடவை பொட்டலத்துக்குப் போய் வந்துவிடும்.

கொஞ்ச நாள் தெம்பாகத்தான் இருந்தேன். அப்புறம் வந்தது வாசம்.

"ஏனுங்க, பூண்டு தின்னீங்களா?"

"இல்லையே."

"ஊதுங்க பாக்கலாம்."

ஊதினேன். சாந்தாமணி இரண்டடி பின்னால் போனாள். "பஸ் ஸ்டாண்டுல காளான் கடைக்குப் போனீங்களா?"

"சத்தியமா இல்ல அம்மணி."

"அப்ப சில்லி சிக்கனுங்களா?"

பல் துலக்கினேன், ஏலக்காய் மென்றேன், கொய்யா இலையைக் கூடக் கடித்துப் பார்த்தேன். வாசம் வாயில் இல்லை, மூச்சில் இருந்தது. தின்றுவிட்டு மாட்டிக்கொண்டால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். தின்னாமலே தினமும் மாட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது? கும்மி வட்டத்தில் எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். ஒரு நாள் ஆசிரியரே மைக்கில் சொன்னார்: "அந்த அண்ணன் பக்கத்துல ஏனுங்க அத்தனை இடம் கெடக்குது? வட்டம் ஒடைஞ்சு போச்சு பாருங்க."

அடுத்தது முடி. சீப்பில் வந்தது, தலையணையில் வந்தது, ஒரு நாள் ரசத்தில் வந்தது. பழனிக்கு மொட்டை போடுவதாக நான் ரொம்ப நாளாக ஒரு வேண்டுதலைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். "முருகன் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஆளை உட்டே முடியை எடுக்கறாரு" என்றாள் சாந்தாமணி.

அதுவரை எனக்கும் சிரிப்புத்தான். நகம் வந்தபோது சிரிப்பு போனது. நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. மோதிர விரல் நகம் மேலே தூக்கிக்கொண்டது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஓயாத குறுகுறுப்பு. வாயில் எந்நேரமும் இரும்பு ஆணியைக் கவ்விக்கொண்டிருக்கிற ருசி. கும்மி என்றாலே கைத்தட்டுதான். ஒவ்வொரு தட்டுக்கும் விரல் நுனியில் ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். சாந்தாமணி முன் வரிசையில் நின்றுகொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஒரு சாயங்காலம், குதித்துச் சுழல்கிற இடத்தில் மைதானமும் சேர்ந்து சுழன்றது. விழுந்தேன். வாந்தி வேறு. மச்சான் என்னைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு விட்டான். வழியெல்லாம், "மாப்ள, தூங்கீராதீங்க, எதாச்சும் பேசுங்க" என்றான். நான் வாயைத் திறந்து பேசினேன். அவன் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

கோயமுத்தூரில் அது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே நோயாளியின் முக்கியமான வேலை காத்திருப்பது. ரத்தத்துக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, இதயம் பார்க்க ஒரு வரிசை. பில்லைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நினைத்தாலே மறுபடியும் தலை சுற்றுகிறது, திரும்பவும் அட்மிட் போட்டுவிடுவார்கள்.

நரம்புக்கு ஒரு சோதனை செய்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாகக் கரண்ட் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று திரையில் பார்ப்பார்கள். கிரைண்டர் மோட்டாருக்கு நான் செய்கிற வேலைதான்.

"ஏனுங்க, காயில் எரிஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டேன். சோதித்தவர் சிரிக்கவில்லை. கடையில் நானும் இப்படித்தான். மோட்டார் தேறாது என்று தெரிந்தால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்த ஞாபகம் வந்ததும் நானும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

காலையில் படுக்கை மாற்ற வந்த நர்ஸ் ஷைனி பாலக்காட்டுப் பெண். "அங்கிள், தலையில உள்ளதைவிட தலகாணியில முடி கூடுதல் உண்டு" என்றாள்.

"எண்ணி வையுங்க சிஸ்டர், டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கணக்குப் பாத்து வாங்கிக்கறேன்."

அவள் சிரித்தாள். அவள் போனதும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முடி கொட்டுவது, எடை குறைவது, வாந்தி. இந்த மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. ஹார்லிக்ஸையும் ஆப்பிளையும் வைத்துவிட்டு, மழையைப் பற்றியும் வாழைத்தார் விலையைப் பற்றியும் பேசினார்கள். சிரிப்பு மூட்டாமல் நான் படுத்திருந்ததுதான் அவர்களுக்கு ரொம்பப் பயமாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் சாந்தாமணி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லைன்னாலும் நீ ஆடோணும் சாந்தா" என்றேன்.

"நீங்க இருந்தாலும் ஆடத்தானுங்க போறேன்" என்றாள். கால் விரலை அழுத்திச் சொடக்கு எடுத்தாள். "பக்கத்துல எடத்தைக் காலியா வெச்சு ஆடறதுக்கு எனக்கு வராது. வந்து நில்லுங்க."

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். பெரியவர் என்றால் பதவியில். வயதில் என் பிரியாவைவிட நாலைந்து வருசம் மூத்த பெண், அவ்வளவுதான். ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். குனிந்து மறுபடியும் மோந்தார்.

"அங்கிள், பூண்டு சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி எழுந்துவிட்டாள். "அப்பிடிக் கேளுங்கம்மா! நானும் மாசக்கணக்கா அதையேதான் கேக்கறேன், உண்மையைச் சொல்ல மாட்டீங்கறாருங்க!"

டாக்டர் என் நகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை, பொடி, டானிக் எதாவது எடுக்கறீங்களா?"

"மாத்திரையைத் தொடாத ஆளுங்க நான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கம்மங்கூழ் டப்பாவை மூடிக்கொண்டிருந்த சாந்தாமணி மூடியை இன்னொரு தரம் அழுத்தினாள். கொட்டைப் பொட்டலம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. அது மாத்திரை இல்லையே.

டாக்டர் இன்னொரு தரம் ரத்தம் எடுக்கச் சொன்னார். இதற்கென்று தனிக் குழாயாம். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமாம், பதில் வரச் சில நாளாகுமாம். காத்திருந்தோம். சாந்தாமணி தினமும் கம்மங்கூழ் கரைத்து ஊட்டினாள். "ஆஸ்பத்திரிச் சோத்துல என்னுங்க சத்து இருக்குது?" என்று மச்சான் அன்னூரிலிருந்து பிளாஸ்கில் மோர் கொண்டு வந்தான். பிரியா லீவு போட்டுவிட்டு வந்தாள், புதுப் பொட்டலத்தோடு. இத்தனை கவனிப்புக்கும் ஏன் தேறவில்லை என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

பதில் வந்த அன்று நல்ல வேளையாக மச்சானைத் தவிர எல்லோரும் அறையில் இருந்தார்கள், ஊசி போட வந்த ஷைனி உட்பட.

"அங்கிள், உங்க ரத்தத்துல செலினியம் அளவு மீறி இருக்குது" என்றார் டாக்டர்.

"கொறைச்சல்னுதானேங்க சொன்னாங்க?"

"அப்பக் கொறைச்சல். இப்ப ரொம்ப ஜாஸ்தி. கொஞ்சம் இருந்தா மருந்து, கூடிப்போனா விஷம். முடி கொட்டும், நகம் உதிரும், கை காலு குறுகுறுக்கும். ஒடம்பு அதை வெளிய தள்ளும்போது மூச்சு வழியா ஒரு வாயுவாப் போகும். அந்த வாயுவுக்குப் பூண்டு வாசம்."

நான் சாந்தாமணியைப் பார்த்தேன். விஷம் குடித்ததற்காக இத்தனை பெருமைப்பட்ட மனுசன் வேறு யாரும் இருக்க முடியாது.

"கேட்டுக்க அம்மணி. காளான் கடையும் இல்ல, சில்லி சிக்கனும் இல்ல."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. முகம் வெளுத்து, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிருந்தோ தினமும் உள்ள போகுது" என்றார் டாக்டர். "சாப்பாட்டுல இவ்வளவு ஏறாது. நல்லா யோசிங்க."

பிறகு மின்விசிறியைப் பார்த்தபடியே சாந்தாமணி சொன்னாள்: "மருந்துக்கடையில செலினியம்னு ஒரு கேப்சூல் இருந்துதுங்க. ஒடைச்சு, கம்மங்கூழுல தினமும் ஒண்ணு கலக்கிப்போட்டேன்."

"சாந்தா!"

"தெரிஞ்சா குரூப்புல போட்டு நாறடிப்பீங்க, அதனாலதான்!"

டாக்டர் தலையை ஆட்டினார். "தினம் ஒண்ணுன்னா இந்த அளவுக்கு ஏறாதே. வேற?"

பிரியா மெதுவாகக் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "பிரேசில் கொட்டைங்க டாக்டர். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் தின்னச் சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பாதிக்குமேல் காலி.

"எப்பக் குடுத்தது?"

"முந்தாநேத்துங்க" என்றாள் பிரியா.

"அங்கிள், இதுல ஒரு கொட்டையிலயே ஒரு நாளைக்கு வேண்டியது வந்துரும்."

"சின்னச் சின்னக் கொட்டையா இருந்துதுங்க" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையும் சேத்தாலுங்கூட கணக்கு ஒதைக்குதே."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மச்சான். கையில் பிளாஸ்க். "மாப்ள, மோரு கொண்டாந்திருக்கறேன். சில்லுனு இருக்கும், குடிங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் பிளாஸ்கைப் பார்த்தோம். அவன் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான். பிளாஸ்க் மெதுவாக முதுகுப் பக்கம் போனது.

"அண்ணா" என்றாள் சாந்தாமணி. "மோருல என்ன?"

"மோருல மோருதான்."

"அண்ணா!"

"கோழிக்கு ஊத்தற டானிக்குதாண்டி, கெட்டது ஒண்ணுமில்ல! செலினியம்னு வெளிய எழுதியே இருக்குது. அதெ ஊத்துனா நம்ம கோழியெல்லாம் றெக்கை என்னமா மினுக்குது தெரியுமா?"

"எவ்வளவு ஊத்துனீங்க?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"ஆயிரம் கோழி குடிக்கற தண்ணிக்கு ஒரு மூடிங்க. மாப்ளைக்குக் கால் மூடிதான்."

டாக்டர் மனக்கணக்குப் போட்டார். நானும் போட்டேன். இத்தனை நாளாக நான் தனி ஆள் இல்லை, இருநூற்றைம்பது கோழி.

ஷைனி அறையைவிட்டு வெளியே ஓடினாள். தாழ்வாரத்தில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்துச் சிரித்தது நான். வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது என்று இப்போது சொல்லலாம். பேர் சொல்லாத அந்தச் சீக்கு இல்லை. வெறும் பாசம்!

மச்சான்தான் உடைந்துபோனான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, கோழி ஒண்ணுகூடச் சாகலைங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இதற்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லையாம். உள்ளே போவதை நிறுத்த வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மிச்சத்தை உடம்பே வெளியேற்றிவிடும். ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாம் நல்லபடியாக இருந்தன. முடி முளைக்கும், நகம் வளர மாதக்கணக்காகும், குறுகுறுப்பும் போகும். டாக்டர் கேப்சூல், கொட்டை, பிளாஸ்க் மூன்றையும் பறிமுதல் செய்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, எங்கள் ஊர் டாக்டர் சொன்னதையே திரும்பச் சொன்னார். ரத்தத்தில் அளவு இறங்கின பிற்பாடு தினம் ஒரு முட்டை, அவ்வப்போது மீன், பருப்பு, கோதுமை, தயிர். இப்படிக் கலந்து சாப்பிட்டாலே செலினியம் வேண்டிய அளவு வந்துவிடும், தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. யாருக்காவது நிஜமாகவே மாத்திரை தேவைப்பட்டால், அதை டாக்டர் அளந்து கொடுக்க வேண்டும், அதுவும் ஒருத்தர்தான் கொடுக்க வேண்டும்.

"அரங்கேற்றம் வருதுங்க" என்றேன். "ஆடலாமுங்களா?"

"வாந்தி நின்னு, தலை சுத்தாம நடந்தா ஆடுங்க. கைதட்டறப்ப வலிக்கும். அது உங்க பாடு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மிச்சமிருந்த முடியையும் மழித்துவிட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதைவிட மொட்டை கௌரவம். கடைசி ஒத்திகைக்குப் போனேன். ஆசிரியர் என் தலையையும், நுனியில் துணி சுற்றிய விரல்களையும் பார்த்தார். "அண்ணா, பின்வரிசையில ஓரமா நின்னுக்கறீங்களா? தட்டாம, சும்மா காலை மட்டும் எடுத்து வெச்சாப் போதும்." வாசமும் முழுசாகப் போயிருக்கவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர், அவ்வளவு மரியாதை.

நான் பின்வரிசைக்கு நடந்தேன். நியாயம்தானே. போய் நின்று திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் சாந்தாமணி.

"நீ ஏன் வந்தே? முன் வரிசை உன்ற எடம்."

"சோடியாத்தானுங்க நிக்கோணும்னு சொன்னாங்க. எந்த வரிசைன்னு நான் கேக்கலையே."

"வாசம் அடிக்கும் சாந்தா."

"நான் ஊட்டுனதுதானுங்களே" என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அரங்கேற்றத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. பெண்களெல்லாம் ஒரே நிறத்தில் சேலை, எங்களுக்கு வேட்டியும் இடுப்பில் துண்டும். விளக்கு வெளிச்சத்தில் என் மொட்டை மட்டும் தனியாக மின்னியது என்று பிரியா பிறகு படத்தைக் காட்டினாள். "றெக்கை மினுக்கறதுன்னு சொன்னனே, பாத்தீங்களா" என்றான் மச்சான். அவன் மறுபடியும் பேச ஆரம்பித்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. முதல் தட்டுக்கே கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு உள்ளங்கையால் மட்டும் தட்டினேன். என் கையிலிருந்து வந்தது பாதிச் சத்தம்தான். மீதியைச் சாந்தாமணி சேர்த்துத் தட்டினாள், ஒவ்வொரு தட்டையும் என் காதுக்குப் பக்கத்தில் வைத்து. குதித்துச் சுழல்கிற இடத்தில் மைதானம் சுழலவில்லை. நான்தான் சுழன்றேன்.

முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். டாக்டர் அந்த வாரம்தான் முட்டைக்கு அனுமதி கொடுத்திருந்தார். மச்சான் ஒரு தூக்குப்போசியில் அவித்த முட்டை கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தான். என் முறை வந்தபோது கையை நீட்டாமல் நின்றான்.

"நானாத் தரலீங்க மாப்ள. வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். ஓட்டைத் தட்டினேன், உரிக்க வரவில்லை. முட்டை உரிக்க நகம் வேண்டும் என்பது நகம் போன பிறகுதான் தெரிகிறது. சாந்தாமணி என் கையிலிருந்து அதை வாங்கி, ஓட்டை ஒரே சுருளாக உரித்தாள். கொடுப்பதற்கு முன் இரண்டாகப் பிட்டு, வெளிச்சத்தில் தூக்கி, டாக்டர் என் நகத்தைப் பார்த்த மாதிரி எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. வெள்ளை, மஞ்சள். வேற ஒண்ணும் இல்லீங்க."

வாங்கித் தின்றேன். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மூன்று பேரும் போடுவார்கள்.